ஹார்ட் டிஸ்கில் அங்கங்கே கிடக்கும் அன்அலோகேட்டட் இடங்களை ஒரே பார்ட்டிஷனாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் ஓரளவு தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும். டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை ஃபோனில் படமெடுத்து, "இந்தக் கருப்புப் பட்டை ரெண்டையும் ஒண்ணாக்கணும், எப்படி?" என்று அனுப்புகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதை விட, கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்துவிட்டேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடிக்கவும்.

விளக்க வசதிக்கு ஒரு டிஸ்க்கை வைத்துக்கொள்வோம். 1 டிபி டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி. அதன் பார்ட்டிஷன்கள், அதாவது தனித்தனியாகப் பிரித்த பகுதிகள், இடமிருந்து வலமாக: பூட் ஃபைல்கள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், 120 ஜிபி சி டிரைவ், 80 ஜிபி காலி, 500 ஜிபி டி டிரைவ், 230 ஜிபி காலி, கடைசியில் சின்னதாக ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன். கீழே "நம் டிஸ்க்" என்று வந்தால் இதுதான்.

அன்அலோகேட்டட்னு காட்டுதே, அது என்ன? அங்க ஃபைல் போட முடியாதா?

முடியாது. டிஸ்கின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் டேபிள் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. எந்த பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தப் பட்டியலில் யார் பெயரிலும் வராத இடம்தான் அன்அலோகேட்டட், திரையில் கருப்புப் பட்டையோடு தெரிவது. டிரைவ் எழுத்தும் இல்லை, ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டமும் இல்லை, அதனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியவே தெரியாது.

சி டிரைவுக்குள் "40 ஜிபி ஃப்ரீ" என்று காட்டுவது இதுவல்ல. அது ஏற்கெனவே சி-க்குச் சொந்தமான இடம், இன்னும் நிரம்பவில்லை, அவ்வளவுதான்.

இதை எங்க போய் பாக்கறது?

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். மேலே வரும் அட்டவணையை விட்டுவிடுங்கள். கீழே வரும் படத்தைப் பாருங்கள். டிஸ்கில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அங்கேதான் வரிசையாகத் தெரியும். கட்டங்களின் அகலத்தை நம்ப வேண்டாம், 100 எம்பி கூடக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அளவைச் சுருக்கித்தான் வரைந்திருப்பார்கள். உள்ளே எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

ரெண்டு இடத்துல காலி இருக்கு. ரெண்டையும் செலக்ட் பண்ணி மெர்ஜ் குடுக்குற ஆப்ஷன் எங்க இருக்கு?

எங்கேயும் இல்லை. காலி இடங்களை இணைப்பது என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. இரண்டு காலி இடங்கள் ஒட்டியிருந்தால் விண்டோஸ் அவற்றை ஒரே துண்டாகத்தான் காட்டும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாகக் காட்டுகிறது என்றால் நடுவில் ஏதோ ஒரு பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நம் டிஸ்கில் அது டி.

பார்ட்டிஷன் டேபிளில் ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு மட்டுமே எழுத முடியும். "இங்கே 80, அங்கே 230" என்று எழுத இடமே இல்லை. நடுவில் ஒருத்தர் வீடு இருக்கும்போது இருபக்க மனைகளையும் ஒரே மனையாக்க முடியாதது போலத்தான் இதுவும். ஆக, உங்கள் உண்மையான கேள்வி "எப்படி மெர்ஜ் பண்றது" என்பதல்ல, "நடுவில் இருப்பதை என்ன செய்வது" என்பதே. அதற்கு வழிகள் இரண்டுதான்: அழிப்பது, அல்லது ஒரு பக்கமாக நகர்த்துவது. இந்தப் பக்கத்தில் மீதி உள்ளதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டின் விவரம்தான்.

சி டிரைவுக்கு அடுத்தே காலி இருக்கு. அதை மட்டும் சேர்க்கணும்னா?

அது சுலபம். சி மேல் ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட் வால்யூம், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சில நொடி வேலை. ஃபைல்கள் எதுவும் இடம் மாறுவதில்லை, சி-யின் முடிவு எண் மட்டும் மாறுகிறது. நம் டிஸ்கில் இப்படிச் செய்தால் சி 200 ஜிபி ஆகிவிடும். பலருக்கு இதுவே போதும். அந்த 230 ஜிபியை டி-க்குக் கொடுத்துவிட்டால் அது 730 ஆகும், எதையும் நகர்த்தத் தேவையில்லை. இரண்டு துண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலா இருக்கு, கிளிக்கே ஆகல. ஏன்?

பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இதுதான்: காலி இடம் சி-க்கு உடனடியாக வலப்பக்கத்தில் இல்லை. இடப்பக்கம் இருந்தாலும் செல்லாது. வலப்பக்கம் நீட்ட முடிவை மாற்றினால் போதும். இடப்பக்கம் நீட்ட வேண்டுமென்றால் தொடக்கத்தையே மாற்ற வேண்டும், அப்போது உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் தூக்கி நகர்த்த வேண்டும். விண்டோஸின் சொந்தக் கருவி அந்த வேலைக்கு வராது.

அடுத்த காரணம் ஃபைல் சிஸ்டம். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் நீட்டலாம். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட் நீட்டாது. காலி இடம் கருப்பாக இல்லாமல் பச்சையாகத் தெரிந்தால் அது வேறு கதை, கீழே வருகிறது.

டி-யை ஷ்ரிங்க் பண்ணி 100 ஜிபி எடுத்தேன். ஆனா சி-க்குக் குடுக்க முடியல!

என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். ஷ்ரிங்க் வால்யூம் எப்போதும் பார்ட்டிஷனின் வலக்கோடியில்தான் இடத்தை வெட்டித் தரும். நீங்கள் எடுத்த 100 ஜிபி டி-க்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கிறது, சி-க்கும் அதற்கும் நடுவில் டி நிற்கிறது. மேலே சொன்ன அதே சிக்கல். இப்போதைக்கு டி மேல் எக்ஸ்டெண்ட் கொடுத்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"டி-ல 400 ஜிபி காலியா இருக்கு, ஆனா 50 ஜிபிக்கு மேல ஷ்ரிங்க் ஆகல" என்றும் கேட்பார்கள். பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட் போன்ற நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் எங்காவது இருந்தால் விண்டோஸ் அதோடு நின்றுவிடும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

டி-ல முக்கியமா ஒண்ணும் இல்ல. டெலீட் பண்ணிட்டா ரெண்டும் சேந்துடுமா?

சேர்ந்துவிடும். டி மேல் ரைட் கிளிக், டிலீட் வால்யூம். உடனே 80, 500, 230 மூன்றும் சேர்ந்து 810 ஜிபி ஒரே கருப்புப் பட்டையாகத் தெரியும். முழுவதையும் சி-க்குக் கொடுக்கலாம், அல்லது சி-க்கு வேண்டியதை மட்டும் கொடுத்துவிட்டு மீதியில் புது டி உருவாக்கலாம். வேண்டியது இருந்தால் முன்பே வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணும் இல்ல" என்பதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களை யாரோ டி-க்கு மாற்றி வைத்திருக்கலாம். கேம்களும் டேலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவும் டி-யில் இருப்பது ரொம்ப சகஜம். மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

டி-ல 300 ஜிபி ஃபோட்டோ, வீடியோ இருக்கு. அழிக்காம நகர்த்த முடியாதா?

முடியும். அதற்கு பார்ட்டிஷனை நகர்த்தும் கருவி வேண்டும். நம் டிஸ்கில் டி-யை 230 ஜிபி வலப்பக்கம் தள்ளினால், வலப்பக்கக் காலி மறைந்து, சி-க்கு அடுத்து 310 ஜிபி ஒரே துண்டாக நிற்கும். பிறகு சி-யை நீட்டிவிடலாம்.

ஆனால் நகர்த்துவது என்பது பட்டியலில் எண்ணை மாற்றும் வேலை அல்ல. உள்ளே இருப்பது எல்லாவற்றையும் அதே டிஸ்கில் படித்து, வேறு இடத்தில் எழுத வேண்டும். சில கருவிகள் காலியாக இருக்கும் பகுதியையும் சேர்த்தே எழுதும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படிக்கும், 100 எம்பி எழுதும் என்று வைத்தால்கூட 500 ஜிபிக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். நடைமுறையில் ஹெட் அங்கும் இங்கும் ஓட வேண்டியிருப்பதால் அதைவிட அதிகம். இரவில் தொடங்கிவிட்டுப் படுப்பதே நல்லது.

என் அபிப்பிராயம் கேட்டால், கையில் வெளி டிஸ்க் இருக்கும்போது நகர்த்தவே வேண்டாம். காப்பி எடு, டி-யை அழி, வேண்டியபடி புதிதாகப் பிரி, திரும்ப காப்பி செய். நேரமும் கிட்டத்தட்ட அதே, ஆனால் எந்த நொடியில் கரண்ட் போனாலும் ஒரு பிரதி பத்திரமாக இருக்கும். தவிர, நகர்த்துவதற்கு முன்னும் எப்படியும் பேக்கப் எடுக்கத்தான் வேண்டும். எடுத்துவிட்ட பிறகு நகர்த்துவானேன்?

சரி, நகர்த்தியே ஆகணும். எந்த சாஃப்ட்வேர் நல்லது? ஃப்ரீயா வேணும்.

ஜிபார்ட்டட். முழுக்க இலவசம், திறந்த மூலம். அதன் லைவ் பதிப்பை ரூஃபஸ் மாதிரி ஒரு கருவியால் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். விண்டோஸ் அப்போது ஓடாததால் சி உட்பட எதையும் தொட முடியும். மினிடூல், ஈஸ்யூஎஸ் போன்றவை விண்டோஸுக்குள்ளேயே ஓடும், பார்க்கவும் எளிது. ஆனால் இலவசப் பதிப்பில் எது செய்யலாம், எதற்குக் காசு என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். எல்லாம் செட் செய்து கடைசியில் அப்ளை அழுத்தும்போது காசு கேட்டால் கோபப்பட வேண்டாம். கிராக் செய்த பதிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். டிஸ்க் முழுவதையும் எழுதும் உரிமையை முகம் தெரியாத ஒருவன் கையில் கொடுப்பதாகும்.

ஜிபார்ட்டட் போகிறவர்கள் விண்டோஸை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். சாதாரணமாக ஷட் டவுன் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைத் தொட ஜிபார்ட்டட் மறுத்துவிடும். முன்கூட்டியே டிஸ்க் பிழைகளைத் தேடும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

நடுவுல கரண்ட் போச்சுன்னா என்ன ஆகும்?

எக்ஸ்டெண்ட், டிலீட் என்றால் ஒரு நொடி வேலை, பயம் குறைவு. நகர்த்தல் நடுவில் நின்றால்தான் வினை. பாதி டேட்டா பழைய இடத்தில், பாதி புது இடத்தில். விட்ட இடத்திலிருந்து ஜிபார்ட்டட் தொடராது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கிறதா, அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள், ஸ்லீப் போகாதபடி வையுங்கள்.

நின்றே போய்விட்டால், "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும்போது கேன்சல் கொடுங்கள். அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் என்ன மிச்சம் என்று பாருங்கள். டெஸ்ட்டிஸ்க்கின் பலம் காணாமல் போன பார்ட்டிஷன் பதிவைக் கண்டுபிடிப்பது. பாதி நகர்ந்த டேட்டாவை ஒட்டவைப்பது அதன் கையில் இல்லை.

சி-க்கும் காலிக்கும் நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் நிக்குது. ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப் மட்டும்தான் வருது.

நம் டிஸ்கில் அது கடைசியில் இருப்பதால் தொல்லை இல்லை. ஆனால் விண்டோஸைத் தானாகப் பிரிக்கவிட்டு நிறுவினால் ரெக்கவரி பார்ட்டிஷன் சி-க்கு அடுத்தே வந்து உட்காரும். பிறகு சின்ன எஸ்எஸ்டியைப் பெரிய எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தவர்களுக்கு எல்லாம் இந்த நிலைதான்: சி, அரை ஜிபி ரெக்கவரி, அதற்கு அப்பால் நூற்றுக்கணக்கில் காலி. அந்த அரை ஜிபி கட்டத்தில்தான் விண்டோஸ் பூட் ஆகாதபோது வரும் நீலத்திரைப் பட்டியல், ரீசெட், ஸ்டார்ட்அப் ரிப்பேர் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை அழிக்க விடுவதில்லை.

மேலே சொன்ன நகர்த்தும் வழி இங்கே நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் நகர வேண்டியது அரை ஜிபிதான், சில நிமிட வேலை. முதலில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் ரெக்கவரியை டிசேபிள் செய்யுங்கள். பிறகு ரெக்கவரி பார்ட்டிஷனை டிஸ்கின் வலக்கோடிக்குத் தள்ளுங்கள், சி-யை நீட்டுங்கள், திரும்ப எனேபிள் செய்யுங்கள். கடைசியில் அதே கட்டளையில் இன்ஃபோ கேட்டு, எனேபிள்டு என்று வருகிறதா பாருங்கள்.

விண்டோஸின் கமாண்ட் கருவியான டிஸ்க்பார்ட்டில் டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு என்று கொடுத்து அழிப்பவர்களும் உண்டு. அழித்தால் சி-யை முழுவதும் நீட்டிவிடாமல் வலக்கோடியில் 1 ஜிபி விட்டு, ரெக்கவரியை மறுபடி உருவாக்குங்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாமல் ஏராளமான கம்ப்யூட்டர்களில் தோற்றுப்போனது. அதை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை வெளியிட வேண்டியிருந்தது. கஞ்சத்தனத்துக்கு இது இடமில்லை. இன்னொன்று: லேப்டாப் கம்பெனி வைத்திருக்கும் 10, 20 ஜிபி ரெக்கவரி வேறு. அதில் ஃபேக்டரி விண்டோஸே இருக்கும், யுஎஸ்பியில் எடுத்து வைக்காமல் அழிக்க வேண்டாம்.

ரெண்டு காலி இடமும் ஒட்டித்தான் இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் தனித்தனியா காட்டுது.

ஒட்டியிருந்தால் ஒன்றாகக் காட்டும் என்று மேலே சொன்னேன், அது மாறவில்லை. நடுவில் ஒன்று இருக்கிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டுவதில்லை. ஜிபிடி என்ற புது வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள டிஸ்க்கில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்று ஒரு பார்ட்டிஷன் வரும். விண்டோஸ் 10 முதல் 16 எம்பி, அதற்கு முன் பெரும்பாலும் 128 எம்பி. டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்து லிஸ்ட் பார்ட்டிஷன் கொடுத்தால் வெளியே வரும். ஜிபார்ட்டட்டிலும் தெரியும்.

வெறும் டேட்டா டிஸ்க் என்றால் அதை அழித்துவிடலாம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்றால் அழிப்பதை விட நகர்த்துவது மேல். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் காரணம் வேறாகவும் இருக்கலாம், இரண்டு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

பழைய லேப்டாப். டி-யை டெலீட் பண்ணேன், கருப்பா வராம பச்சையா ஃப்ரீ ஸ்பேஸ்னு வருது. சி நீள மாட்டேங்குது.

இது எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள டிஸ்க். அதில் நான்கு ப்ரைமரி பார்ட்டிஷன்தான் வைக்க முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ்கள் வைப்பார்கள். கடையில் அசெம்பிள் செய்து சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்களில் இதுதான் அமைப்பு. உங்கள் டி ஒரு லாஜிக்கல் டிரைவ். அதை அழித்தாலும் இடம் எக்ஸ்டெண்டட் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, சி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

உள்ளே வேறு லாஜிக்கல் டிரைவே இல்லை என்றால் அந்தப் பச்சை மேல் ரைட் கிளிக் செய்து பார்ட்டிஷனை அழியுங்கள். எக்ஸ்டெண்டட் போய் கருப்பாகிவிடும். இ, எஃப் இன்னும் இருந்தால் ஜிபார்ட்டட்டில் எக்ஸ்டெண்டட்டின் இடது எல்லையை வலப்பக்கம் சுருக்க வேண்டும். டேட்டா நகராது, வேகமாக முடியும்.

புது 4 டிபி டிஸ்க். 2048 ஜிபி ஒரு துண்டு, 1678 ஜிபி ஒரு துண்டா அன்அலோகேட்டட் காட்டுது. டிஸ்க் ரிப்பேரா?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவிலும் எதுவும் இல்லை. இதுவும் எம்பிஆர் வேலை. அந்த முறையில் செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதுகிறார்கள். 512 பைட் செக்டார் என்றால் எண்ணக்கூடியது 2 டிபி வரை, அதாவது விண்டோஸ் சொல்லும் 2048 ஜிபி. அதற்கு மேற்பட்டதை எந்த மென்பொருளாலும் இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. 3 டிபி டிஸ்க்கில் 2048-உம் 746-உம் என்று காட்டும்.

டிஸ்க் காலியாக இருந்தால், இடது ஓரத்தில் "டிஸ்க் 1" என்று எழுதிய கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஜிபிடி-க்கு மாற்றுங்கள். இரண்டும் அப்படியே ஒன்றாகிவிடும். டேட்டா இருந்தால் அந்த ஆப்ஷன் வராது. காப்பி எடுத்து, அழித்து, மாற்ற வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்கு மட்டும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் உள்ளேயே இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றும். ஆனால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தால் ஒத்துக்கொள்ளாது, மாற்றிய பிறகு பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறைக்கு மாற வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ கேட்கும். அதனால் எப்படியும் ஒருநாள் செய்ய வேண்டிய வேலைதான்.

தூரத்துல இருக்குற காலியைச் சேர்க்கப் போனா, டைனமிக் டிஸ்கா மாத்தவான்னு கேக்குது. யெஸ் குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வேலை நடக்கும் என்பது உண்மை. டைனமிக் டிஸ்க்கில் ஒரு வால்யூம் துண்டு துண்டான இடங்களில் இருக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்படும் அம்சமாக அறிவித்து வெகுநாளாகிறது, விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையாது, பல பார்ட்டிஷன் கருவிகள் அதைத் தொடாது, ஒரே டிஸ்க்கில் இரண்டு ஓஎஸ் வைத்திருந்தால் ஒன்று பூட் ஆகாமல் போகும். திரும்ப பேசிக் டிஸ்காக, அதாவது சாதாரண வகையாக, வேண்டுமென்றால், விண்டோஸ் முறைப்படி எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும். ஒரு யெஸ்ஸுக்கு இது ரொம்ப அதிக விலை.

ஒரு காலி எஸ்எஸ்டி-ல இருக்கு, இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க்ல. ரெண்டையும் ஒரே டிரைவா ஆக்கலாமா?

பார்ட்டிஷன் ஒரு டிஸ்க்கைத் தாண்டாது. டைனமிக் டிஸ்க்கின் ஸ்பேன்டு வால்யூம் தாண்டும். அதைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். விண்டோஸ் 8-இல் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் தாண்டும், ஆனால் அது முழு டிஸ்க்குகளையும் அழித்துத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புப் பிரதி இல்லாமல் இணைத்தால் ஒரு டிஸ்க் போனாலே மொத்த டிரைவும் போகும்.

பெரும்பாலானவர்களுக்குத் தேவை வேறு: "டி-ல ஒரே ஃபோல்டருக்குள்ள எல்லாம் தெரியணும்." அதற்கு, அந்தக் காலி இடத்தில் புது வால்யூம் உருவாக்கும்போது டிரைவ் எழுத்து கொடுக்காமல், என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்கும் ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்யச் சொல்லலாம். டி-க்குள் வீடியோ என்று ஒரு ஃபோல்டர், உள்ளே போனால் இன்னொரு டிஸ்க். ஒரே டிஸ்க்கில் நகர்த்த மனமில்லாத துண்டுகளுக்கும் இது உதவும். அதிகம் பேர் பயன்படுத்தாத, ஆனால் எனக்குப் பிடித்த வழி.

எஸ்எஸ்டி-ல டேட்டா எங்க வேணா சிதறி இருக்கும்னு சொல்றாங்களே. அப்ப காலி இடம் மட்டும் ஏன் ஒட்டி இருக்கணும்?

நல்ல கேள்வி. உள்ளே சில்லுகளில் எஸ்எஸ்டி தன் இஷ்டத்துக்குத்தான் எழுதுகிறது. ஆனால் வெளியே கம்ப்யூட்டருக்கு 0, 1, 2 என்று வரிசை எண்களாகத்தான் காட்டுகிறது. பார்ட்டிஷன் டேபிள் பேசுவது அந்த வரிசை எண்களில். அதனால் விதி அதேதான். நகர்த்துவது மட்டும் ஹார்ட் டிஸ்க்கை விட வேகமாக முடியும்.

எஸ்எஸ்டி-யின் கடைசியில் பத்து சதவீத அளவுக்குக் காலி இருந்தால், ஓவர் ப்ரொவிஷனிங் என்று அதன் கம்பெனி மென்பொருளே ஒதுக்கி வைத்திருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். 1 எம்பி, 2 எம்பி துண்டுகளையும் அப்படியே விடுங்கள். பார்ட்டிஷன்களை 1 எம்பி எல்லையில் தொடங்குவதால் மிஞ்சுபவை அவை.

பிட்லாக்கர் போட்டிருக்கேன். ஏதாவது பிரச்சினை வருமா?

பிட்லாக்கர் என்பது விண்டோஸின் என்க்ரிப்ஷன் பூட்டு. விண்டோஸின் சொந்த எக்ஸ்டெண்ட், ஷ்ரிங்க் இரண்டும் திறந்திருக்கும் பிட்லாக்கர் டிரைவில் வேலை செய்யும். நகர்த்தல் வேறு. ஜிபார்ட்டட்டுக்கு அது புரியாத குவியல்தான், முதலில் முழுவதும் டிக்ரிப்ட் செய்ய வேண்டும். "நான் போடவே இல்லையே" என்பவர்களும் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். எதைத் தொடும் முன்பும் ரெக்கவரி கீயை இன்னொரு இடத்தில் எழுதி வையுங்கள்.

நான் உபுண்டு. எனக்கும் இதே கதையா?

நேரடிப் பார்ட்டிஷனில் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றால் இதே கதைதான். லைவ் யுஎஸ்பியிலிருந்து ஜிபார்ட்டட் ஓட்டுங்கள். பூட்டுச் சின்னம் தெரிந்தால் அந்தப் பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கிறது. அன்மவுன்ட் செய்யுங்கள், ஸ்வாப் என்றால் ஸ்வாப்ஆஃப் கொடுங்கள்.

பல பார்ட்டிஷன்களை ஒன்றாகக் காட்டும் எல்விஎம் அடுக்கைப் போட்டு நிறுவியிருந்தால் மட்டும் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஒவ்வொரு காலித் துண்டிலும் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, அதை பிசிக்கல் வால்யூம் ஆக்கி, வால்யூம் க்ரூப்பில் சேர்த்து, லாஜிக்கல் வால்யூமை நீட்டினால் போதும். அது எல்லாத் துண்டுகளிலும் பரவிக்கொள்ளும். எதையும் அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்திலும் டிவைஸ் ஆட் கொடுத்து இதையே செய்யலாம். பார்ட்டிஷன் டேபிள் விதி அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் ஓர் அடுக்கு வந்து இணைத்துவிடுகிறது.

பென்டிரைவ் 32 ஜிபி. லினக்ஸ் ஏத்தினதுக்கு அப்புறம் 4 ஜிபி, மீதி அன்அலோகேட்டட்.

லினக்ஸ் இமேஜ் தன் பார்ட்டிஷன் டேபிளையும் கூடவே எழுதிவிடுகிறது. பென்டிரைவில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றால் எதையும் இணைக்காமல் டிஸ்க்பார்ட்டில் அதைத் தேர்ந்து க்ளீன் கொடுத்து, புதிதாக ஒரே பார்ட்டிஷன் உருவாக்குங்கள். டிஸ்க் எண்ணை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். க்ளீன் "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது.

காலி இடம் சி-க்கு இடப்பக்கம் இருந்தது. சி-யை நகர்த்தி நீட்டிட்டேன். இப்ப விண்டோஸ் பூட் ஆகல!

சி-யின் தொடக்கம் மாறியதால் பூட் பதிவு பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். நகர்த்தல் பிழையில்லாமல் முடிந்திருந்தால் டேட்டா அங்கேயே இருக்கும், ரீஇன்ஸ்டால் செய்ய அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் இன்ஸ்டால் யுஎஸ்பியில் பூட் செய்து, ரிப்பேர் வழியாக முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டிப் பாருங்கள்.

அதில் சரியாகவில்லை என்றால் அங்கேயே கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்து கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் காட்டினால் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதிவிடும். யுஎஸ்பியில் பூட் செய்யும்போது டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், உங்கள் சி அங்கே டி ஆகவோ இ ஆகவோ தெரியலாம். கட்டளை கொடுக்கும் முன் எந்த எழுத்துக்குள் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.